எட்டே எட்டு வேகன், சின்ன மாடல் ரயில் லேஅவுட்: ஓட்டத்தை சரி பண்ணி அழுக்கு ஏத்துறது எப்படி?

#1 ஷன்டிங்பலகை

வணக்கம் நண்பர்களே. இத்தனை நாளா படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இப்பதான் முதல்தடவையா எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க.

120க்கு 25 சென்டிமீட்டர்ல ஒரு பலகை, அது மேல ஓஓ ஸ்கேல்ல (பிரிட்டன் மாடல் ரயிலுக்கு வழக்கமான அளவு) சின்னதா ஒரு சரக்கு யார்டு. ஆலன் ரைட் உருவாக்கின இங்கிள்நூக் அமைப்புதான், வேகனை வரிசைப்படுத்துற ஒரு புதிர் விளையாட்டு. ஒரு சைடிங்ல (பக்கத் தண்டவாளம்) 5 வேகன் நிக்கும், மத்த ரெண்டுலயும் மூணு மூணு, எஞ்சின் ஒதுங்குற பக்கம் எஞ்சினும் கூட 3 வேகனும் நிக்கிற நீளம். மொத்தமே 8 வேகன்தான். சீட்டு எடுத்து, வந்த வரிசைப்படி அஞ்சு வேகனை கோர்த்து நிறுத்தணும், இந்த முன்னும் பின்னும் நகர்த்துற வேலைதான் ஷன்டிங். கணக்கு போட்டா 6720 வரிசை வருது, அதனால இடம் சின்னதா இருந்தாலும் சலிப்பே வர்றதில்ல.

பிரச்சனை வேகன்லதான். நாலு 16 டன் இரும்பு நிலக்கரி வேகன், ஒரு மரப்பலகை ஓபன் வேகன், ரெண்டு மூடின வேன், ஒரு டேங்க். எல்லாமே பழசா வாங்கினது. இழுக்கும்போது ஒழுங்கா வருது, ஆனா பின்னாடி தள்ளிட்டு போனா பாயின்ட் (தண்டவாளம் பிரியுற இடம்) மேல ரெண்டு வேகன் கண்டிப்பா தடம் புரளுது. எல்லாத்துலயும் பிளாஸ்டிக் வீல், கையில எடுத்தா எடையே தெரியல. பார்க்கவும் பளபளன்னு பொம்மை மாதிரி இருக்கு, நிலக்கரி வேகன் ரெண்டுல ஒரே நம்பர் வேற.

வெதரிங், அதாவது நிஜ வண்டி மாதிரி அழுக்கும் துருவும் ஏத்துறது, பண்ண ரொம்ப ஆசை, ஆனா பெயிண்ட் வச்சா கெட்டுப் போயிடுமோன்னு கை நடுங்குது. எதுல இருந்து ஆரம்பிக்கலாம்?

#2 பஃபர்ஸ்டாப்

வாங்க தம்பி. முதல்ல பெயிண்ட் டப்பாவை மூடி ஓரமா வைங்க. ஓடாத வேகனுக்கு அழுக்கு ஏத்தி பிரயோஜனம் இல்ல, அதோட வெதரிங் முடிச்ச வேகனை திரும்ப திரும்ப கையில எடுத்து ரிப்பேர் பார்த்தா பூசின பவுடர் எல்லாம் விரல்ல வந்துடும். அதனால ஓட்டம் முதல்ல, நிறம் அப்புறம்.

ஒரு கண்ணாடித் துண்டு எடுங்க, இல்லன்னா பழைய முகம் பார்க்கிற கண்ணாடி. வேகனை அது மேல வச்சு ஒவ்வொரு மூலையா விரலால லேசா அழுத்துங்க. நாலு வீலும் படியணும். ஒரு மூலை தூக்கிட்டு ஆடுச்சுன்னா சேசிஸ் (அடிச்சட்டம்) முறுக்கியிருக்கு, தள்ளும்போது விழற வேகன் அதாத்தான் இருக்கும். ரெண்டு ஆக்சில் (வீல் ஜோடியை இணைக்கிற அச்சு) வேகன்ல நாலு வீலும் விறைப்பா நின்னா, தண்டவாளம் துளி ஏறி இறங்கினாலும் ஒரு வீல் அந்தரத்துல நிக்கும். அந்த நேரம் பின்னாலேருந்து தள்ளு கிடைச்சா அந்த வீலோட விளிம்பு தண்டவாளத்து மேல ஏறிடும்.

அடுத்தது ரெண்டு வீலுக்கும் நடுவுல, உள்பக்கத்துக்கு உள்பக்கம் இருக்கிற தூரம். ஓஓவுக்கு 14.4லேருந்து 14.5 மில்லிமீட்டர். பழைய வேகன்ல இது பெரும்பாலும் குறைவா இருக்கும், அப்ப பாயின்டோட நடுமூக்கு பக்கத்துல இருக்கிற காவல் தண்டவாளத்துல வீல் தடுக்கும். இதுக்குன்னே விக்கிற கேஜ் ஒண்ணு வாங்கி வச்சுக்கங்க, எட்டு வேகனுக்கு 16 ஆக்சில், ஒரு சாயங்காலத்துல எல்லாத்தையும் அளந்துடலாம்.

எந்த ரெண்டு விழுதுன்னு பார்த்துச் சொல்லுங்க, மீதியை அப்புறம் பேசுவோம்.

#3 கரிப்பொட்டு

அண்ணன் சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கிறேன். பிளாஸ்டிக் வீலை மொத்தமா தூக்கிட்டு மெட்டல் வீல் போட்டுடுங்க. பிளாஸ்டிக் வீல்ல கரி மாதிரி அழுக்கு ஒட்டிக்கும், அதை தண்டவாளம் பூரா தேய்ச்சு வைக்கும், அப்புறம் எஞ்சின் திக்கித் திக்கி போகும். சின்ன லேஅவுட்ல எஞ்சின் எறும்பு ஊர்ற மாதிரி போகணும், தண்டவாளம் சுத்தமா இல்லன்னா அது நடக்காது.

வாங்கும்போது ஆக்சில் நீளத்தை பார்த்து வாங்குங்க. ஓஓ வேகனுக்கு 26 மில்லிமீட்டர் பின்பாயின்ட் (முனை ஊசி மாதிரி கூரான) ஆக்சில்தான் அதிகம், ஆனா எல்லாமே அதுன்னு நம்பிடாதீங்க, பழசை கழட்டி அளந்துட்டு வாங்குங்க. நீளம் கூடினா வேகன் இறுகி நிக்கும், குறைஞ்சா தொளதொளன்னு ஆடும். ஆக்சில் முனை உட்கார்ற பிளாஸ்டிக் குழி தேய்ஞ்சிருந்தா தொப்பி வடிவத்துல பித்தளை பேரிங் கிடைக்கும், குழியை கொஞ்சம் பெருசாக்கி அதை உட்கார வைக்கலாம்.

#4 ஷன்டிங்பலகை

பார்த்தாச்சு அண்ணே. விழறது ஒரு வேனும் மரப்பலகை வேகனும். வேன்ல ரெண்டு ஆக்சிலும் 14.1தான் வருது! மரப்பலகை வேகன் கண்ணாடி மேல நாற்காலி ஆடுற மாதிரி ஆடுது, ஒரு மூலையில பேப்பரை ரெண்டா மடிச்சு நுழைக்கலாம் போல இருக்கு.

வேனுக்கு மெட்டல் வீல் போட்டா சரியாயிடும்னு புரியுது. முறுக்கின சேசிஸை என்ன பண்றது?

#5 பஃபர்ஸ்டாப்

முதல்ல பாடியை கழட்டிட்டு சேசிஸ் மட்டும் ஆடுதான்னு பாருங்க. பல நேரம் சேசிஸ் நேராத்தான் இருக்கும், பாடியை ஒட்டினவங்க கோணலா ஒட்டியிருப்பாங்க.

சேசிஸே கோணல்னா நான் மூணு புள்ளில உட்கார வைப்பேன். முக்காலி எந்த கரடுமுரடான தரையில வச்சாலும் ஆடாது இல்லையா, அதே விஷயம்தான். ஒரு ஆக்சில் விறைப்பா இருக்கட்டும். இன்னொரு ஆக்சிலுக்கு பழைய பேரிங் வேலை செய்யாதபடி உள்பக்கம் அறுத்துட்டு, அங்க ஊசலாடுற உலோகச் சட்டம் ஒண்ணை வைங்க, நடுவுல ஒரு கம்பி மேல ரெண்டு பக்கமும் லேசா சாயும். ராக்கிங் யூனிட்னு கேட்டா கிடைக்கும். அது எவ்வளவு கொஞ்சமா அசைஞ்சாலும் போதும், அரை மில்லிமீட்டர் சாய்ஞ்சாலே நாலு வீலும் தண்டவாளத்தை விடாது. எட்டுக்கும் பண்ண வேண்டாம், முறுக்கினதுக்கு மட்டும் போதும்.

போகி (தனியா திரும்புற வீல் சட்டம்) வேகன் வச்சிருக்கிறவங்களுக்கும் இதே கதைதான். ஒரு போகியோட திருகை, திரும்ப மட்டும் முடியும் சாய முடியாதுங்கிற அளவுக்கு இறுக்குங்க, இன்னொண்ணை சாயவும் விடுங்க. அறுக்கவே தேவையில்ல.

#6 நாற்பதடிவேன்

எடையைப் பத்தி யாரும் பேசலையே. நான் எச்ஓ ஆளு, ஓஓவை விட கொஞ்சம் சின்ன ஸ்கேல். அமெரிக்க மாடல் ரயில் சங்கமான என்எம்ஆர்ஏவோட ஆர்பி 20.1னு ஒரு பரிந்துரை இருக்கு, எச்ஓவுக்கு அடிப்படையா 1 அவுன்ஸ், அதோட வேகன் நீளத்துல ஒவ்வொரு அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். கிராம்ல சொன்னா 28, அதோட அங்குலத்துக்கு 14. உங்க வேகன் 8 சென்டிமீட்டர்னு வச்சா 73 கிராம் வரும். நான் எல்லா வேகனையும் இந்த கணக்குல ஏத்தி வச்சிருக்கேன், தள்ளினாலும் இழுத்தாலும் ஒண்ணும் விழறதில்ல.

#7 பஃபர்ஸ்டாப்

நீங்க நீளமான போகி வேகனை நீளமான ரயில்ல ஓட்டுறவர், அந்த கணக்கு உங்களுக்கு சரி. ரெண்டு ஆக்சில் வேகனுக்கு ஆக்சிலுக்கு 25 கிராம்னு ஒரு பழைய வழக்கு இருக்கு, அதாவது வேகனுக்கு 50. தம்பியோட எஞ்சின் அனேகமா நாலு வீல் இல்லன்னா ஆறு வீல் ஷன்டர். வேகன் எடை கூடக்கூட அது அசையுற வேகம் கட்டுப்பாட்டுல இருக்காது, நிறுத்தின இடத்துல நிக்காது. என் அனுபவத்துல எத்தனை கிராம்ங்கிறதை விட எட்டும் ஒரே எடையா இருக்கிறதுதான் முக்கியம். கனமான ரெண்டுக்கு நடுவுல லேசானது ஒண்ணு மாட்டினா, தள்ளும்போது நடுவுல இருக்கிறதுதான் துள்ளும்.

#8 நாற்பதடிவேன்

ஒரே எடைங்கிறதை ஒத்துக்கிறேன். மூணு வேகனுக்கு மேல ஒரே நேரத்துல நகராத லேஅவுட்ல 50 போதும்தான்.

#9 கரிப்பொட்டு

எடை ஏத்துறதுல ஒரு எச்சரிக்கை, இதை நான் பட்டு தெரிஞ்சுக்கிட்டேன். டேங்க் வேகனுக்குள்ள ஈயக் குண்டு போட்டு வெள்ளைப் பசை ஊத்தி அடைச்சேன். ரெண்டு மூணு வருஷம் நல்லாத்தான் இருந்துச்சு, அப்புறம் ஒருநாள் பார்த்தா டேங்க் வயிறு உப்பி தையல் பிளந்து நிக்குது. பசையிலேருந்து வர்ற அமிலம் ஈயத்தை மெதுவா வெள்ளை உப்பா மாத்துது, அது பெருத்துக்கிட்டே போய் பிளாஸ்டிக்கை உடைச்சிடுது. மூடின இடத்துக்குள்ள ஈயமும் வெள்ளைப் பசையும் சேரவே கூடாது. எபாக்சி வைங்க, இல்ல ஈயத்தகடை ரெண்டு பக்கம் ஒட்டுற டேப்ல ஒட்டுங்க. ஈயத்தை தொட்டா கையை சோப்பு போட்டு கழுவுங்க, வெட்டின தூளை ஈரத்துணியால துடைச்சு எடுங்க.

ஓபன் வேகன்ல எடை மறைக்க இடம் கம்மி, அடிப்பக்கம் ஆக்சிலுக்கு நடுவுல ஒட்டிட்டு சேசிஸ் நிறத்தையே பூசுங்க, கண்ணுக்கு தெரியாது.

#10 ஷன்டிங்பலகை

மூணு வாரம் கழிச்சு வர்றேன். மெட்டல் வீல் 16 ஆக்சிலுக்கும் போட்டாச்சு, எட்டும் 50 கிராம், மரப்பலகை வேகனுக்கு ராக்கிங் யூனிட் வச்சேன். அண்ணே, உண்மையாவே நம்ப முடியல, கண்ணை மூடிட்டு தள்ளினாலும் விழல. ரொம்ப நன்றி.

கூடவே பழைய பெரிய கொக்கியை எடுத்துட்டு கேடி கப்ளிங் (காந்தத்தால கழலுற இணைப்பு) போட்டேன், தண்டவாளத்துக்கு அடியில காந்தம். இப்ப புது பிரச்சனை. காந்தம் இருக்கிற இடத்துக்கு கிட்ட நிறுத்தினா வேகன் தானாவே ரெண்டு சென்டிமீட்டர் நகர்ந்து காந்தத்துக்கு மேல போய் நிக்குது! தண்டவாளம் மட்டமாத்தான் இருக்கு, லெவல் வச்சு பார்த்தேன்.

#11 சின்னகேஜ்

காந்தம் உங்க ஆக்சிலை இழுக்குது. மெட்டல் வீல் செட்ல பல செட்டுக்கு ஆக்சில் எஃகு. சின்ன காந்தம் ஒண்ணை ஆக்சில்கிட்ட கொண்டு போனா உடனே தெரிஞ்சிடும். முன்னாடி பிளாஸ்டிக் வீல் இருந்தப்ப இது வந்திருக்காது. இப்ப வீல் நல்லா உருளுறதால துளி இழுப்பு இருந்தாலும் ஓடி வந்துடுது. பித்தளை ஆக்சில் வச்ச செட்டும் கிடைக்கும், காந்தத்து மேல அதிகம் நிக்கிற வேகனுக்கு மட்டும் மாத்தினாலும் போதும். எடைக்கு இரும்பு நட்டு வச்சிருந்தீங்கன்னா அதையும் பாருங்க.

#12 ஷன்டிங்பலகை

அதேதான் அக்கா. எஃகு ஆக்சில். எடைக்கு ஈயத்தகடுதான் வச்சேன், அது தப்பிச்சுது.

#13 பஃபர்ஸ்டாப்

கேடி போட்டதும் உயரத்தை கேஜ் வச்சு பார்த்தீங்களா? கப்ளிங்கை செருகுற என்இஎம் பாக்கெட்ல 17, 18, 19, 20ன்னு நம்பர் போட்டு நாலு நீளம் வருது, 17 குட்டை 20 நீளம். வேகன் முனையில இருக்கிற பஃபரும் (முட்டுத் தாங்கி) பஃபரும் முட்டாம, தள்ளும்போது வளைவுல பூட்டிக்காம இருக்கிற மாதிரி எவ்வளவு குட்டையா முடியுமோ அவ்வளவு வைங்க. பழைய பாக்கெட் தளர்ந்து கப்ளிங் தலை தொங்கினா உள்ள மெல்லிசா ஒரு பிளாஸ்டிக் சீவல் நுழைச்சு தூக்குங்க. எட்டு வேகன்ல ஒண்ணு அரை மில்லிமீட்டர் தொங்கினாலும் இங்கிள்நூக்ல அது அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதடவை உங்களை கடுப்பேத்தும்.

#14 ஷன்டிங்பலகை

எல்லாம் கேஜ்ல சரி பண்ணிட்டேன். இப்ப பெயிண்ட் டப்பாவை திறக்கலாமா அண்ணே?

#15 பஃபர்ஸ்டாப்

திறங்க. ஆனா அதுக்கு என்னைவிட துருவும்புகையும்தான் சரியான ஆள். வருவார்.

#16 துருவும்புகையும்

வந்துட்டேன். இழையை முழுசா படிச்சேன், தம்பியோட பயம் புரியுது. அதனால கையில எடுக்க வேண்டிய பொருளையே பயத்துக்கு தகுந்த மாதிரி சொல்றேன்.

அக்ரிலிக் காய்ஞ்சா போச்சு, திரும்ப எடுக்க முடியாது. எனாமலும் ஆயில் பெயிண்டும் அப்படி இல்ல, மறுநாள் கூட ஒயிட் ஸ்பிரிட் (பெயிண்டை கரைக்கிற திரவம்) தொட்ட பிரஷால துடைச்சு எடுத்துடலாம். அதனால புதுசா பழகுறவங்க ஆயில் பெயிண்ட்ல ஆரம்பிங்க. பர்ன்ட் அம்பர், ரா அம்பர், பர்ன்ட் சியன்னா, கருப்பு, வெள்ளை, அஞ்சு டியூப் போதும், வருஷக்கணக்கா வரும். டியூப்லேருந்து நேரா எடுக்காம ஒரு அட்டைத்துண்டு மேல பிதுக்கி அரைமணி நேரம் விடுங்க, அட்டை எண்ணெயை உறிஞ்சிடும், பெயிண்ட் மேட்டா காயும்.

வேகனை பாத்திரம் கழுவுற சோப்புத் தண்ணில கழுவி காய வச்சு, முதல்ல அக்ரிலிக் மேட் வார்னிஷ் ஒரு கை மெல்லிசா. பளபளப்பு அடங்கும், அதோட மேல வர்ற ஸ்பிரிட் கம்பெனி எழுத்தை தொடாது. ஈரமான நாள்ல ஸ்ப்ரே வார்னிஷ் அடிக்காதீங்க, பால் மாதிரி வெளுத்துடும். இந்த மேட் தளம் இருந்தாத்தான் பவுடரும் பிடிக்கும்.

அப்புறம் அடிப்பக்கத்துல ஆரம்பிங்க, பாடியில இல்ல. அடிப்பக்கம்தான் எந்த வேகனுக்கும் அதிகமா அழுக்காகுற இடம், அங்க தப்பு நடந்தாலும் தெரியாது, கையும் பழகிடும். சேசிஸ், பிரேக் கம்பி, ஆக்சில்பாக்ஸ், வீலோட முகம் எல்லாத்துக்கும் பழுப்பு கலந்த கருஞ்சாம்பல் மேட் பெயிண்ட். சுத்த கருப்பு வேண்டவே வேண்டாம், சின்ன உருவத்துல கருப்பு ஓட்டை மாதிரி தெரியும். பிரேக் கட்டை வார்ப்பிரும்புல இருந்தப்ப அது தேயுற தூள்தான் அடிப்பக்கம் பூரா செம்பழுப்பா படியும், அதனால வீலைச் சுத்தி கொஞ்சம் சிவப்பு கூட்டுங்க. ஆக்சில்பாக்ஸ்ல கிரீஸ் கசியும், அங்க மட்டும் அடர்த்தியா லேசான பளபளப்போட. வீல் உருளுற பரப்புலயும் ஆக்சில் முனையிலயும் ஒரு துளி பெயிண்ட் படக்கூடாது, பஃபர்ஸ்டாப் அண்ணன் பண்ண வேலை எல்லாம் வீணாயிடும்.

இதை முடிச்சிட்டு வாங்க, பாடியை அடுத்து சொல்றேன்.

#17 நாற்பதடிவேன்

ஏர்பிரஷ் ஒண்ணு இருந்தா இந்த சேசிஸ் வேலை அஞ்சு நிமிஷம். கீழேருந்து மேல நோக்கி மெல்லிசா தூசி நிறம் ஒரு வீச்சு, முடிஞ்சுது. எதுக்கு கையால?

#18 துருவும்புகையும்

ஏர்பிரஷ் எனக்கும் பிடிக்கும், தூசிக்கு அதை மிஞ்ச எதுவும் இல்ல. 50 வேகன் ரயிலுக்கு நானும் அதைத்தான் எடுப்பேன். ஆனா எட்டே எட்டு வேகன், அதுவும் ஒரு முழம் தூரத்துல கண்ணுக்கு நேரா மணிக்கணக்கா நிக்கப்போற வேகன், அதுல எட்டுக்கும் ஒரே வீச்சுல அழுக்கு அடிச்சா ஒரே தொழிற்சாலையிலேருந்து அழுக்காவே வெளிய வந்த மாதிரி இருக்கும். ஒவ்வொண்ணும் என்ன சுமந்துச்சு, எப்ப ரிப்பேர் ஆச்சு, எந்தப் பக்கம் மழை அடிச்சுதுன்னு தனித்தனியா தெரியணும். பிரஷ்ல மெதுவா பண்ணும்போது அதெல்லாம் யோசிக்க நேரம் கிடைக்கும். கடைசியா எல்லாத்தையும் ஒண்ணு சேர்க்க லேசா ஒரு தூசி வீச்சு வேணும்னா ஏர்பிரஷ் வரட்டும்.

#19 ஷன்டிங்பலகை

சேசிஸ் எட்டும் முடிஞ்சுது. இது மட்டுமே இவ்வளவு மாத்தும்னு நினைக்கல. இப்ப பாடி சொல்லுங்க சார், நிலக்கரி வேகன் நாலும் என்னையே பார்த்துட்டு இருக்கு.

#20 துருவும்புகையும்

எந்த வேகனை எடுத்தாலும் முதல்ல அதே வகை நிஜ வேகனோட போட்டோ ரெண்டு மூணு பாருங்க, நீங்க எடுத்திருக்கிற காலகட்டத்துது. மனசுல இருக்கிற துருவை வச்சு பண்ணினா எல்லாருக்கும் ஒரே தப்புதான் வரும், ஆரஞ்சு நிறத்துல, வேகன் பூரா, சமமா. நிஜத்துல ஆரஞ்சு புதுத் துருவுல மட்டும்தான் இருக்கும், பழைய துரு சாக்லேட் நிறத்துக்கு போயிடும்.

16 டன் வேகன்ல துரு உள்ளேருந்து வெளிய வரும். ஈரமான கரி உள்ள கிடந்து தகட்டை அரிக்கும், கரியை கொட்டும்போது பெயிண்ட் உரியும். அதனால உள்பக்கம் பூரா அடர் பழுப்பு, மூலையில கரித்தூள். வெளிப்பக்கம் துரு அதிகம் வர்றது பக்கத்தகடோட கீழ்ப்பகுதியிலயும் வெல்டு போட்ட ஓரத்துலயும். ரிப்பேருக்கு வந்தப்ப புதுத் தகடு மாத்தினதுல அந்த ஒரு கட்டம் மட்டும் பளிச்னு சாம்பலா இருக்கும், பக்கத்து கட்டம் பொரிஞ்சு கிடக்கும். நாலுல ஒண்ணை அப்படி பண்ணுங்க.

பக்கத்துல ஒரு வெள்ளைக் கோடு சாய்வா ஓடும், பார்த்திருப்பீங்க. எந்த முனையில கதவு இருக்குன்னு காட்ட போட்டது, அந்த முனையைத்தான் சாய்ச்சு கரியை கொட்டுவாங்க. வேலைக்கு வேணுங்கிற கோடு அது, அதனால எவ்வளவு அழுக்கு ஏத்தினாலும் மங்கலாவாச்சும் தெரியட்டும். நம்பரும் அப்படித்தான், எழுதுறவங்க படிக்கணும்னு அந்த இடத்தை மட்டும் துணியால துடைச்சிருப்பாங்க. அழுக்கு நடுவுல கை அகலத்துக்கு ஒரு சுத்தமான திட்டு விட்டீங்கன்னா அந்த வேகனை யாரோ தொட்டு வேலை பார்த்த மாதிரி உயிர் வந்துடும்.

உரிஞ்ச பெயிண்டுக்கு ரெண்டு வழி. ஒண்ணு, கிழிச்ச ஸ்பான்ஜ் நுனியில அடர் பழுப்பு தொட்டு, முக்காவாசியை பேப்பர்ல ஒத்தி எடுத்துட்டு, லேசா தட்டுறது. ரெண்டாவது, ஹேர்ஸ்ப்ரே. முதல்ல துரு நிறம் பூசி காய வைங்க, வார்னிஷால மூடுங்க, மேல ஹேர்ஸ்ப்ரே ரெண்டு கை, அது காய்ஞ்சதும் சாம்பல் அக்ரிலிக். ஒரு மணி நேரத்துக்குள்ள தண்ணி தொட்ட முரட்டு பிரஷால தேய்ச்சா மேல்பெயிண்ட் திட்டுத்திட்டா கழண்டு வரும். ரொம்ப நேரம் விட்டா வராது. இது முழு வேகனையும் திரும்ப பெயிண்ட் பண்றவங்களுக்கு, எழுத்து எல்லாம் திரும்ப ஒட்டணும். நீங்க முதல் மூணை ஸ்பான்ஜ்ல பண்ணுங்க, ஒரே நம்பர் இருக்கே அந்த ரெண்டாவதை ஹேர்ஸ்ப்ரேல பண்ணுங்க, எப்படியும் நம்பர் மாத்தத்தானே போறீங்க.

கடைசியா ஒழுகல். சாக்லேட் நிற ஆயில் பெயிண்ட்ல ஊசிமுனை அளவு புள்ளி, துரு இருக்கிற இடத்துக்கு கீழ. ஸ்பிரிட் தொட்டு துணியில துடைச்ச தட்டை பிரஷால மேலேருந்து கீழ நேரா ஒரே இழுப்பு. பிரஷ்ல ஸ்பிரிட் ஜாஸ்தியா இருந்தா வட்டமா கறை நிக்கும், கிட்டத்தட்ட காய்ஞ்ச பிரஷ்தான் வேலை செய்யும்.

#21 சின்னகேஜ்

புது நம்பர் ஒட்டும்போது மேட் பெயிண்ட் மேல டீகாலை (ஒட்டுற எழுத்துத் தாள்) நேரா வைக்காதீங்க, கரடான பரப்புல காத்து மாட்டி வெள்ளியா மின்னும். அந்த இடத்துல மட்டும் கிளாஸ் வார்னிஷ், அது மேல டீகால், காய்ஞ்சதும் மேட்.

நான் ஓட்டுறது ‘என்’ (N) கேஜ், இன்னும் சின்ன ஸ்கேல். எங்களுக்கு இதே வேலையை பாதியா குறைச்சு பண்ணணும். 1:148ல பவுடர் துகளே கூழாங்கல் மாதிரி தெரியும், அதனால நான் மெல்லிசான வாஷோட (நல்லா கரைச்ச பெயிண்ட்) நிறுத்திக்குவேன், பவுடர் அடிப்பக்கத்துக்கு மட்டும்.

#22 ஷன்டிங்பலகை

மூணு நிலக்கரி வேகன் முடிஞ்சுது. ஒண்ணுல ஒழுகல் ஜாஸ்தியாகி அழுத மூஞ்சி மாதிரி இருந்துச்சு, மறுநாள் ஸ்பிரிட்ல துடைச்சு திரும்ப பண்ணினேன், நீங்க சொன்ன மாதிரியே வந்துடுச்சு. பயம் பாதி போச்சு. ஹேர்ஸ்ப்ரே வேகனை வார்னிஷ் அடிச்சு காய வச்சிருக்கேன்.

ஆனா ஒரு வேன்ல தப்பு பண்ணிட்டேன். ஸ்ப்ரே மேட் வார்னிஷ் மேல ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்ல மை கலந்து வாஷ் விட்டேன், காய்ஞ்சதும் வேன் பூரா வெள்ளையா படர்ந்து நிக்குது. தூக்கிப் போடணுமா?

#23 துருவும்புகையும்

வேண்டவே வேண்டாம். சில மேட் வார்னிஷ் மேல ஆல்கஹால் பட்டா அப்படி வெளுக்கும். நல்ல வறண்ட நாளா பார்த்து அதே வார்னிஷை மெல்லிசா இன்னொரு கை அடிங்க, பெரும்பாலும் வெள்ளை மறைஞ்சுடும். அங்கங்க லேசா மிச்சம் இருந்தாலும் கலங்காதீங்க, வெயில்ல வெளுத்த மரம் மாதிரி இருக்கும்.

வேனுக்கு ஒரு விஷயம் சொல்றேன், இதை நிறைய பேர் விட்டுடுறாங்க. முன்பக்க பின்பக்க சுவரை பாருங்க, பக்கத்து வேகனோட வீல் வாரி அடிக்கிற சேறு ரெண்டு செங்குத்து பட்டையா, தண்டவாளத்துக்கு நேர் மேல விழுந்திருக்கும். ஒரு அட்டையில ரெண்டு பட்டை வெட்டி, அதை சுவர்ல வச்சு பவுடரை முரட்டு பிரஷால கீழேருந்து மேல மங்கிட்டே போற மாதிரி தட்டுங்க. கூரைக்கு புகைக்கரி, ஓரத்துல மட்டும் மழை கழுவின வெளிர் கோடு.

#24 கரிப்பொட்டு

பவுடரை தனியா வாங்கணும்னு இல்ல, சாஃப்ட் பேஸ்டல் குச்சியை உப்புத்தாள்ல தேய்ச்சா அதே தூள்தான். ஆயில் பேஸ்டல் வாங்கிடாதீங்க, அது தூளாகாது. தேய்க்கும்போது மூக்குக்கு மாஸ்க் போடுங்க.

பவுடர் போட்டதுக்கு மேல வார்னிஷ் அடிச்சா முக்காவாசி மறைஞ்சுடும், அதை கணக்கு பண்ணி ரெண்டு மடங்கு போடுங்க. இல்லன்னா வார்னிஷே இல்லாம விட்டு, வேகனை பஃபர் பக்கம் மட்டும் பிடிச்சு தூக்க பழகுங்க. கேடியும் காந்தமும் இருக்கிறதால உங்களுக்கு வேகனை கையில எடுக்கிற வேலையே கம்மிதானே.

#25 பஃபர்ஸ்டாப்

மரப்பலகை வேகனை பத்தி நான் சொல்றேன், அது எனக்கு பிடிச்ச வண்டி. உள்பக்கத்துக்கு யாரும் பெயிண்ட் அடிக்கிறதில்ல, வெறும் மரம், வெயில்லயும் மழையிலயும் சாம்பலா போயிடும். மோல்டிங்ல மர ரேகை இல்லன்னா ரேசர் ரம்பப் பல்லை பலகையோட நீளவாக்குல லேசா இழுங்க. வெளிர் சாம்பல் கலந்த மண் நிறம் அடித்தளம், ஒவ்வொரு பலகைக்கும் கொஞ்சம் கொஞ்சம் மாத்தி, மேல கருஞ்சாம்பல் வாஷ், கடைசியா வெளிர் நிறத்துல டிரை பிரஷ் (கிட்டத்தட்ட காய்ஞ்ச பிரஷால லேசா தேய்க்கிறது). ஒரே ஒரு பலகையை மட்டும் புது மரமா, மஞ்சளா விடுங்க. மாத்தின பலகை.

இன்னொண்ணு தம்பி, இதையெல்லாம் எந்த வெளிச்சத்துல பண்றீங்க? லேஅவுட் மேல இருக்கிற அதே விளக்கு கீழ உட்கார்ந்து பண்ணுங்க. மஞ்சள் விளக்குல பண்ணிட்டு வெள்ளை எல்இடி கீழ வச்சா துரு எல்லாம் சேறா தெரியும். அதே மாதிரி உங்க தண்டவாளத்துக்கும் தரைக்கும் பூசின தூசி நிறத்துல ஒரு துளியை எல்லா வேகனோட அடிப்பக்கத்துலயும் சேர்த்துடுங்க, அப்பதான் வேகன் அந்த இடத்துலயே ஓடி அழுக்கான மாதிரி இருக்கும்.

#26 ஷன்டிங்பலகை

அந்த தூசி விஷயம் பெரிய வித்தியாசம் அண்ணே. தரைக்கு போட்ட மிச்சக் கலவை இருந்துச்சு, அதையே ஸ்பிரிட்ல கரைச்சு விட்டேன். ஏழு முடிஞ்சுது. வேன் வெள்ளை மறைஞ்சுடுச்சு சார், கதவு மேல மட்டும் ஒரு திட்டு இருக்கு, அதை அப்படியே விட்டுட்டேன், அழகா இருக்கு.

நிலக்கரி வேகனுக்கு எடுத்து வைக்கிற மாதிரி சுமை பண்ணியிருக்கேன். ஃபோம் துண்டு மேல நிஜக் கரியை நொறுக்கி ஒட்டி, உள்ள ஒரு சின்ன இரும்பு வாஷர். குச்சி நுனியில காந்தம் வச்சு தூக்கினா வந்துடுது. வரும்போது கரியோட, போகும்போது காலியா.

டேங்க் மட்டும்தான் பாக்கி. அதுக்கு எங்க அழுக்கு ஏத்தணும்?

#27 துருவும்புகையும்

மேல மூடியைச் சுத்தி, அங்கேருந்து ரெண்டு பக்கமும் வயிறு வரைக்கும். எண்ணெய் நிரப்பும்போது வழிஞ்சது அது, அதனால கருப்பு பழுப்பு ஆயில் பெயிண்ட்ல கொஞ்சம் கிளாஸ் வார்னிஷ் கலந்துக்கங்க, ஈரமாவே தெரியும். ஒரு பக்கம் மூணு ஒழுகல், இன்னொரு பக்கம் ஒண்ணே ஒண்ணு போதும். ஏணிப்படியில கால் வைக்கிற இடத்தை மட்டும் பென்சில் முனையால தேய்ச்சு உலோகமா காட்டுங்க. மத்த இடத்துல கை வைக்காதீங்க, டேங்க்ல அதிகமா பண்ணிடத் தோணும்.

#28 ஷன்டிங்பலகை

சரி சார். இன்னிக்கு ராத்திரி மூடி பக்கம் மட்டும். ஒண்ணே ஒண்ணு எந்தப் பக்கம்னு யோசிச்சேன், சுவர் பக்கம் திரும்பி நிக்கிற பக்கத்துக்கு மூணு, என் பக்கம் ஒண்ணு விடப்போறேன். அப்புறம் சீட்டு எடுத்து, எட்டையும் வச்சு முதல் ஷன்டிங்.